ஞாயிற்றுக்கிழமைகளில் தீட்டிய சிங்கப்பூர்: நீர்வண்ண ஓவியர் ஓங் கிம் செங்கின் பயணம்

1983ஆம் ஆண்டு அமெரிக்க நீர்வண்ண ஓவியச் சங்கத்தின் விருது ஒன்று சிங்கப்பூரர் ஒருவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற திரு ஓங் கிம் செங் எந்த ஓவியக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். வீடு வீடாகச் சென்று கட்டணப் பணம் வசூலித்தவர், இரும்பைப் பற்றவைத்தவர், காவலராகப் பணியாற்றியவர். ஓவியத்தைப் பெரும்பாலும் அவர் கற்றது விடுமுறை நாள்களில், சிங்கப்பூரின் ஆற்றங்கரையிலும் தெருவோரங்களிலும்.

சிங்கப்பூர்க் கலை வரலாற்றில் அவருடைய பெயருக்கு நிலையான இடம் உண்டு. ஆனால், தேக்காவில் காய்கறி வாங்கி ஈசூனுக்கோ ஊட்லண்ட்சுக்கோ திரும்பும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பழக்கமில்லை. தெரிந்துகொள்ள ஒரு நல்ல காரணம் இருக்கிறது. நம் தாத்தா பாட்டிமார் நடந்த தெருக்களையும், அவர்கள் மூட்டை தூக்கிய ஆற்றங்கரையையும் வண்ணத்தில் பதிவுசெய்து வைத்தவர்களில் அவரும் அவருடைய நண்பர்களும் முக்கியமானவர்கள்.

நம் வீட்டுப் பழைய புகைப்படத் தொகுப்பைப் புரட்டினால் திருமணம், காதுகுத்து, தீபாவளி, தைப்பூசம் எல்லாம் இருக்கும். முகங்கள் இருக்கும். பின்னால் இருந்த தெரு அரைகுறையாகத்தான் தெரியும். கேமராவில் அப்போது படச்சுருளுக்குக் காசு கொடுக்க வேண்டும். வெறும் ஐந்தடியையும் காய்ந்த சுவரையும் படம்பிடிக்க யாருக்கு மனம் வரும்? நீர்வண்ண ஓவியர்கள் அதைத்தான் உட்கார்ந்து வரைந்தார்கள்.

வேலைக்குப் போன ஓவியர்

திரு ஓங் 1945ல் சிங்கப்பூரில் பிறந்தார். போர் முடிந்த ஆண்டு அது. கம்பத்துச் சூழலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓவியம் என்பது ஆசையாக இருக்கலாம், தொழிலாக இருக்க முடியாது என்பதே அன்றைய நிலைமை. சின்ன வயதிலேயே படம் வரைவதில் நாட்டம் இருந்தாலும், பிழைப்புக்கு வழி தேடுவதுதான் முதல் வேலையாக இருந்தது.

1960களின் சிங்கப்பூர் எப்படி இருந்தது என்பதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1965ல் நாடு தனித்து நின்றது. 1968ல் பிரிட்டிஷ் அரசாங்கம் தன் படைத்தளங்களை மூடப்போவதாக அறிவித்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது பேரிடி. நிரந்தர வேலை கிடைப்பதே பெரும்பாடு. அப்படிப்பட்ட காலத்தில் ‘படம் வரைந்து பிழைக்கிறேன்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், சீனர் வீடானாலும் தமிழர் வீடானாலும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும்.

திரு ஓங் ஓவியத்தை விடவுமில்லை, வேலையை உதறவுமில்லை. வாரம் முழுவதும் சம்பளத்துக்கு உழைத்தார். ஓய்வு நாளில் தாளும் வண்ணப் பெட்டியும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். முழுநேர ஓவியராக அவர் மாறியது 1985ல்தான். அப்போது அவருக்கு வயது 40. நியூயார்க் விருது கிடைத்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அதாவது, உலகம் அவரைக் கவனிக்கத் தொடங்கியபோதும் அவர் மாதச் சம்பளக்காரராகவே இருந்தார்.

ஆற்றங்கரையில் கூடிய குழு

திரு ஓங் தனியாகக் கற்றவர் என்று சொல்வதுண்டு. அது முழு உண்மை ஆகாது. அவருக்குப் பள்ளி இல்லை, கூட்டாளிகள் இருந்தார்கள். ‘ஞாயிறு குழு’ என்று அழைக்கப்பட்ட ஓவியர்கள் வார இறுதியில் சிங்கப்பூர் ஆற்றங்கரையிலும் பழைய வட்டாரங்களிலும் ஒன்றுகூடுவார்கள். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வரைவார்கள். முடிந்ததும் ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்த்துக் குறை நிறை சொல்வார்.

அந்த மரபின் மூத்தவர் லிம் செங் ஹோ. சீனாவின் சியாமென் நகரில் 1912ல் பிறந்து, சிறுவயதில் சிங்கப்பூருக்கு வந்தவர். ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் படித்தபோது, இங்குள்ள பள்ளிகளில் ஓவியக் கல்வியை வழிநடத்திய ரிச்சர்ட் வாக்கர் என்ற ஆங்கிலேயரிடம் நீர்வண்ணம் கற்றார். பிறகு லிம் பார்த்தது எழுத்தர் வேலை. நகராட்சியிலும், பின்னாளில் பொதுப் பயனீட்டுக் கழகமாக மாறிய துறையிலும் கோப்புகளோடு காலம் கழித்தவர், வார இறுதிகளில் தூரிகையை எடுத்தார். 1979ல் அவர் மறைந்தார். 2018ல் நேஷனல் கேலரி சிங்கப்பூர் அவருடைய ஓவியங்களைத் திரட்டித் தனிக் கண்காட்சி நடத்தியது.

லிம் செங் ஹோ, சென் சோங் சுவீ உள்ளிட்ட ஓவியர்கள் சேர்ந்து 1969ல் சிங்கப்பூர் நீர்வண்ண ஓவியச் சங்கத்தை நிறுவினர். அந்தச் சங்கத்துக்குப் பின்னாளில் 1991 முதல் 2001 வரை தலைவராக இருந்தவர் திரு ஓங். தெருவோரத்தில் மூத்தவர்களைப் பார்த்துக் கற்றவர், அவர்கள் தொடங்கிய சங்கத்தையே பத்து ஆண்டு நடத்தினார்.

தமிழர்களுக்கு இந்த முறை புதிதன்று. தவில், நாகசுரம், சிற்பம், பொற்கொல்லம் எல்லாம் இப்படித்தான் கைமாறின. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, செய்து காட்டுவது, தவறினால் திருத்துவது. சான்றிதழ் இல்லை, ஆனால் பயிற்சி கடுமையானது.

அழிக்க முடியாத வண்ணம்

நீர்வண்ணம் என்றால் பள்ளியில் பிள்ளைகள் பயன்படுத்தும் வண்ணக்கட்டிதானே என்று பலரும் நினைக்கிறோம். வரைபவர்களைக் கேட்டால், மிகக் கடினமான ஊடகங்களில் அதுவும் ஒன்று என்பார்கள். காரணம் எளிது. எண்ணெய் வண்ணத்தில் தவறு செய்தால் அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசி மறைத்துவிடலாம். நீர்வண்ணம் ஒளி ஊடுருவக்கூடியது. அடியில் இருப்பது மேலே தெரியும். ஒருமுறை கருத்துவிட்ட இடத்தைப் பழையபடி வெண்மையாக்குவது ஏறக்குறைய முடியாத காரியம்.

நீர்வண்ணம் என்பது நுண்ணிய நிறப்பொடியும், அதைத் தாளோடு ஒட்டவைக்கும் கருவேல இனப் பிசினும் சேர்ந்த கலவை. அதைத் தண்ணீரில் கரைத்துத் தாளில் ஓடவிடுகிறார்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும், நிறம் தங்கிவிடும். இந்த முறையில் வெள்ளை நிறத்தைப் பூசுவதில்லை. வெள்ளை என்பது தாள்தான். வெள்ளைச் சட்டையில் படும் வெயிலையோ, ஆற்றுநீரில் மின்னும் ஒளியையோ காட்ட வேண்டுமானால், அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். ஆக, எங்கே வரைவது என்பதற்கு முன்னால் எங்கே வரையக்கூடாது என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரின் தட்பவெப்பம் இன்னொரு சோதனை. இங்கு காற்றில் ஈரம் அதிகம் என்பதால் மழைக்கு முந்திய மந்தமான நேரத்தில் பூச்சு காயவே காயாது. காயாத பூச்சின்மேல் அடுத்ததைப் பூசினால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். வெயில் நேராகத் தாளில் பட்டாலோ தூரிகை அடுத்த முனைக்குப் போவதற்குள் வண்ணம் உறைந்து கோடு விழுந்துவிடும். நண்பகலில் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டால் நிழல் சுருங்கிப்போகும். கட்டடங்கள் தட்டையாகத் தெரியும். அதனால் வெளியில் வரைபவர்கள் காலையையும் பிற்பகலின் கடைசிப் பொழுதையும் தேடுகிறார்கள். அப்போதுதான் ஐந்தடித் தூண்களின் நிழல் நீண்டு விழும்.

திரு ஓங்கின் படங்களை அடையாளம் காட்டுவது இந்த நிழல்தான். பளிச்சென்ற வெயிலும் அடர்ந்த நிழலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நிழலுக்குள்ளும் ஒன்றும் இல்லாமல் போகாது. கூர்ந்து பார்த்தால் ஒரு சன்னல், ஒரு சைக்கிள், உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவர் தெரிவார். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இந்த ஒளி புரியும். வெயிலுக்கு ஒதுங்கி ஐந்தடியில் கால் வைத்த மறுநொடி கண் பழகும் அந்தக் குளிர்ச்சிதான் அது.

நியூயார்க் வரை

அமெரிக்க நீர்வண்ண ஓவியச் சங்கம் 1866ல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் நீர்வண்ணத்தை எண்ணெய் ஓவியத்துக்குத் தாழ்ந்ததாக, வெறும் முன்வரைவாக நினைத்தவர்கள் பலர். அந்த எண்ணத்தை மாற்றவே ஓவியர்கள் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். அதன் ஆண்டுக் கண்காட்சிக்கு நடுவர்கள் படங்களைத் தேர்ந்தெடுப்பார்கள்.

சீன வம்சாவளி ஓவியர்களுக்கு அமெரிக்க நீர்வண்ண உலகம் முன்பே கதவு திறந்திருந்தது. அதில் முதன்மையானவர் டாங் கிங்மேன். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் 1911ல் பிறந்து, ஹாங்காங்கில் வளர்ந்து, அங்கே சீனத் தூரிகை முறையையும் மேற்கத்திய ஓவியத்தையும் கற்றவர். பதினெட்டு வயதில் அமெரிக்கா திரும்பியவர் வீட்டு வேலையாளாகவும் இருந்திருக்கிறார். 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்க அரசாங்கம் ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து வரையவைத்த திட்டம் அவரைக் கைதூக்கிவிட்டது. 1942ல் குகன்ஹைம் உதவிநிதி பெற்றார். 1954ல் அமெரிக்க வெளியுறவுத் துறை அவரை ஆசிய, ஐரோப்பிய நாடுகளுக்கு நல்லெண்ணப் பயணம் அனுப்பியது. திரும்பி வந்தவர் எழுத்தில் அறிக்கை கொடுக்கவில்லை. ஏறத்தாழ 40 அடி நீளமுள்ள ஓவியச் சுருளாக அதைத் தீட்டிக் கொடுத்தார். சான்ஃபிரான்சிஸ்கோ, நியூயார்க் தெருக்களை அவர் வரைந்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. 2000ல் அவர் காலமானார்.

டாங் கிங்மேன் அமெரிக்கக் குடிமகன். திரு ஓங்குக்கு அந்த வாய்ப்பு இல்லை. சிங்கப்பூரில் இருந்தபடியே அவர் அந்தச் சங்கத்தின் கவனத்தைப் பெற வேண்டியிருந்தது. 1983ல் பால் பி. ரெம்மி நினைவு விருது கிடைத்தது. அதோடு நிற்கவில்லை. அடுத்த 17 ஆண்டுகளில் அச்சங்கத்தின் விருதுகள் மேலும் வந்தன, மொத்தம் ஆறு. அமெரிக்காவுக்கு வெளியில் வசித்தபடி அதன் உறுப்பினரான முதல் ஆசிய ஓவியர் என்றும் அவர் குறிப்பிடப்படுகிறார். 2000ல் சங்கத்தின் உயரிய மதிப்பான ‘டால்ஃபின்’ தகுதியும் அவருக்கு வழங்கப்பட்டது.

இங்கு 1990ல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. 1979ல் தொடங்கப்பட்ட அந்தப் பதக்கம், கலைஞர்களுக்குச் சிங்கப்பூர் அளிக்கும் மிக உயரிய அங்கீகாரம். எலிசபெத் அரசியார், ஐக்கிய நாடுகள் அமைப்பின் முன்னாள் தலைமைச் செயலாளர் கோஃபி அனான் ஆகியோரிடமும் அவருடைய படங்கள் சென்று சேர்ந்தன. நேப்பாளத்தின் மலையூர்களும் பாலியின் கோயில் வாசல்களும் அவரைத் திரும்பத் திரும்ப இழுத்தன. ஆயினும் சிங்கப்பூரின் ஆறு, சைனாடவுன், லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் ஆகியவற்றை அவர் கைவிடவில்லை.

சுவர் போனது, சித்திரம் இருக்கிறது

ஞாயிறு குழுவினர் விரும்பிப் போன ஆற்றங்கரைக்குத் தமிழர் வரலாற்றில் தனி இடம் உண்டு. போட் கீயை ஒட்டியுள்ள சூலியா ஸ்திரீட்டின் பெயரே தமிழ் முஸ்லிம்களைக் குறிப்பது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பலிலிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்த படகுத் தொழிலில் அவர்கள் முன்னணியில் இருந்தார்கள். அருகிலிருந்த மார்க்கெட் ஸ்திரீட், தமிழர் வழக்கில் செட்டித் தெரு. அங்கிருந்த கிட்டங்கிகளில் நகரத்தார் வரிசையாகப் பெட்டியடி போட்டு உட்கார்ந்து வட்டித்தொழில் நடத்தினார்கள், மேல்மாடியில் தங்கினார்கள். நகரச் சீரமைப்பில் அந்தக் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன. இன்று அங்கே வானளாவிய அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன.

ஆறும் மாறியது. 1977ல் அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ, பத்து ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப் படுகையையும் தூய்மைப்படுத்த வேண்டும் என்று இலக்கு வைத்தார். முகப்பில் கண் தீட்டிய சரக்குப் படகுகள் 1983ல் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. ஆற்றோரத்துப் பட்டறைகள், பன்றி, வாத்துப் பண்ணைகள், தெருவோர உணவுக் கடைகள் எல்லாம் அகன்றன. ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் வேறு இடங்களுக்குக் குடிபெயர்ந்தன. பெரும்பாலோர் வீவக வீடுகளுக்குப் போனார்கள். 1987ல் பணி முடிந்தது.

நாற்றம் அடித்த ஆறு மீண்டும் வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. தூய்மைப் பணியால் நாடே பயனடைந்தது. இன்று குடிநீர் தரும் மரினா நீர்த்தேக்கத்தில் அந்த ஆறும் சேர்கிறது. ஆனால், அந்தக் கரையில் மூட்டை சுமந்தவரின் பேரப்பிள்ளை ‘தாத்தா வேலை பார்த்த இடம் எப்படி இருந்தது?’ என்று கேட்டால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? சில கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் உண்டு. வண்ணத்தில் வேண்டுமானால் இந்த ஓவியர்களிடம்தான் போக வேண்டும். நெருக்கி நிற்கும் படகுகள், கரைக்குப் போட்ட பலகை, அதன்மேல் நடக்கும் கூலியாட்கள், எண்ணெய் மிதக்கும் பழுப்புத் தண்ணீர் எல்லாம் அவர்களுடைய தாளில் இருக்கின்றன.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது பழமொழி. ஆற்றங்கரையைப் பொறுத்தவரை சுவர் போய்விட்டது. சித்திரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

லிட்டில் இந்தியாவில் எது மிஞ்சியது?

லிட்டில் இந்தியாவின் கதை சற்று வேறு. 1989ல் அரசாங்கம் சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகியவற்றோடு லிட்டில் இந்தியாவையும் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவித்தது. அதனால் சிராங்கூன் சாலையிலும் டன்லப் ஸ்திரீட்டிலும் கேம்பல் லேனிலும் கடைவீடுகள் இன்னமும் நிற்கின்றன. முகப்பை மாற்ற விதிமுறை உண்டு. ஓட்டுக்கூரை, மரச் சன்னல், ஐந்தடி எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

கட்டடங்களைப் பாதுகாக்கும் விதி, அதற்குள் நடக்கும் வாழ்க்கையைப் பாதுகாப்பதில்லை. மாவரைக்கும் கடையும் பொன் வேலை செய்பவரும் துணி தேய்ப்பவரும் இருந்த இடத்தில் தங்கும் விடுதியும் காப்பிக் கடையும் வரலாம். சுவர் அதே சுவர்தான். வாசலில் உட்கார்ந்திருந்தவர் மாறிவிடுகிறார். பூசிய வண்ணமும் மாறுகிறது. பழைய நீர்வண்ணப் படங்களில் கடைவீடுகள் வெளிறிய நீலத்திலும் சுண்ணாம்பு வெள்ளையிலும் பாசி படிந்த பச்சையிலும் இருக்கும். புதுப்பித்த கட்டடங்களில் அந்த அழுக்கு நிறங்கள் தெரிவதில்லை.

கெர்பாவ் ரோட்டிலுள்ள 37ஆம் எண் வீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமை. மாட்டு வணிகம் செழித்த வட்டாரம் என்பதால் அந்தப் பெயர். பக்கத்திலேயே பஃபலோ ரோடும் உண்டு. 1900ல் டான் டெங் நியா என்ற சீன வணிகர் அங்கு கட்டிய வீடு, லிட்டில் இந்தியாவில் மிஞ்சியிருக்கும் பழைய சீன மாளிகை. மிட்டாய்த் தொழில் நடத்தியவர் அவர். சுற்றுப்பயணிகள் இன்று வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வானவில் நிறங்கள், வீட்டைப் புதுப்பித்த பிறகு வந்தவை. தமிழர் வட்டாரத்தின் நடுவே சீனர் வீடு. அதைத் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் கடந்து போன தெரு. இந்த வட்டாரம் ஓர் இனத்துக்கு மட்டும் உரியதாக ஒருநாளும் இருந்ததில்லை.

அதனால்தான் சீன ஓவியர் ஒருவர் ஐந்தடியில் உட்கார்ந்து பூக்கட்டுபவரையும், கோயில் கோபுரத்தின் நிழலையும் வரைந்ததில் வியப்பில்லை. திரு ஓங்குக்கு அது வேற்றூர் அன்று. வீட்டிலிருந்து பேருந்தில் வந்துவிடும் தூரம்.

ஒரு கேள்வி மட்டும் நமக்கு மிஞ்சுகிறது. அந்த ஐந்தடியில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்து வரைந்தார்கள்? தமிழர்களுக்கு ஓவியம் கைவராத கலை அன்று. 1926ல் சிங்கப்பூரில் பிறந்த எஸ். நமசிவாயம், மனித உருவ ஓவியத்தில் பெயர் பெற்றவர்; மாதிரியாளரை நேரில் பார்த்து வரையும் ‘குரூப் 90’ குழுவை உருவாக்கியவர்களில் ஒருவர். 2013ல் மறைந்தார். ஆயினும், நம் வீடுகளில் ஓவியம் உயர்நிலைப் பள்ளியின் நடுவிலேயே நின்றுவிடுவது வழக்கமாக இருக்கிறது. தேர்வு நெருங்கினால் துணைப்பாட வகுப்புக்கு இடம் கொடுத்து வண்ணப் பெட்டி அலமாரிக்குள் போய்விடுகிறது.

பெற்றோரின் கவலை நியாயமானது. அதற்குத் திரு ஓங்கின் வாழ்க்கை ஒரு பதில் வைத்திருக்கிறது. அவர் வேலையா ஓவியமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. 40 வயது வரை இரண்டையும் வைத்திருந்தார். லிம் செங் ஹோவும் எழுத்தர் வேலையோடுதான் வரைந்தார். சிங்கப்பூர் நீர்வண்ண மரபு, மாதச் சம்பளக்காரர்கள் தங்கள் ஓய்வு நாளில் வளர்த்த மரபு.

இருட்டில் வைக்க வேண்டிய படங்கள்

இந்தப் படங்களை நேரில் பார்க்க விரும்புவோர் முதலில் போகக்கூடிய இடம், பழைய உச்ச நீதிமன்றத்திலும் நகர மண்டபத்திலும் 2015ல் திறக்கப்பட்ட நேஷனல் கேலரி சிங்கப்பூர். லிம் செங் ஹோ, திரு ஓங் முதலியோரின் ஓவியங்கள் தேசியச் சேகரிப்பில் உள்ளன. சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அதன் நிரந்தரக் கூடங்களில் நுழைவு இலவசம்.

ஆனால், போகும் நாளில் எல்லாப் படமும் சுவரில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நீர்வண்ணம் ஒளிக்கு அஞ்சும். நிறம் மெல்லிய பூச்சாக இருப்பதால் தொடர்ந்து வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். அதனால் அருங்காட்சியகங்கள் பொதுவாக ஏறத்தாழ 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில்தான் அவற்றை வைக்கின்றன. சில மாதங்களுக்குப் பிறகு எடுத்து இருட்டில் ஓய்வு கொடுக்கின்றன. ஒரு சாதாரண அலுவலக அறையின் வெளிச்சம் அதைப்போல் பல மடங்கு. தேசிய மரபுடைமைக் கழகத்தின் ‘ரூட்ஸ்’ இணையத்தளத்தில் சேகரிப்பிலுள்ள பல படங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

வீட்டில் நீர்வண்ணப் படம் மாட்டியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வெயில் விழும் கூடத்துச் சுவரையும் சமையலறைப் பக்கச் சுவரையும் தவிர்ப்பது நல்லது. சிங்கப்பூரின் ஈரத்தில் தாளில் பூஞ்சை பிடித்துப் பழுப்புப் புள்ளிகள் விழும். கண்ணாடிச் சட்டத்துக்குள் படம் கண்ணாடியில் ஒட்டாதபடி அட்டை இடைவெளி விட்டுச் சட்டமிடச் சொல்ல வேண்டும்.

வரைந்து பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்குப் பெரிய செலவு இல்லை. நீலம், மஞ்சள், சிவப்பு மூன்று வண்ணங்கள், ஒரு நல்ல தூரிகை, ஒரு டப்பாவில் தண்ணீர் போதும். தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள்தான் ஈரத்தில் சுருங்காமல் தாங்கும். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் கடைகளில் இவை எல்லாம் கிடைக்கும்.

வரைய வேண்டியதைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதும் இல்லை. பேட்டையின் கீழ்த்தளத்தில் பெரியவர்கள் உட்காரும் கல்மேசை, மூடப்போவதாகச் சொல்லும் பழைய காப்பிக் கடை, ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தில் இடிபட இருக்கும் புளோக், தேக்காவில் வெற்றிலை விற்கும் மேசை எல்லாம் இன்றைக்குச் சாதாரணக் காட்சிகள். 1970களில் ஆற்றங்கரைப் படகுகளும் அப்படித்தான் இருந்தன. அவை என்றைக்கும் அங்கேயே நிற்கும் என்றுதான் கடந்து போனவர்கள் நினைத்தார்கள். ஞாயிறு தோறும் வந்து உட்கார்ந்த சிலர் மட்டும் வரைந்து வைத்தார்கள்.